ஒன்று புள்ளி ஒன்பது ஆம்பியர்

2025ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொன்று இருபது. கத்திரி வெயில். மேற்கே மலைக்கு மேல் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. காற்று அசையவில்லை. என் சட்டைப் பையில் இருந்த வெப்பமானி முப்பத்தொன்பது டிகிரி காட்டியது. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் புதுத் தெருவில், கனி பாய் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். ஐம்பது ரூபாய் வாங்கினான். நாற்பது ரூபாய்த் தூரம்தான்.

ஏசி தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு கேஸ் நிரப்புவதும் பைப் வளைப்பதும் ஐடிஐயிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மிச்சத்துக்கு செல்போனில் வீடியோ இருக்கிறது. அதற்குள் நான் போகப்போவதில்லை. பத்துப் பேர் சுற்றி நின்றுகொண்டு, "சொல்லும், இப்பவே சொல்லும்" என்று நெருக்கும்போது வாயைத் திறப்பதா, மூடிக்கொள்வதா என்பதை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை அப்படி ஒரு நெருக்கடி.

கனி பாய் இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, இங்கே ஜவுளிக்கடை வைத்திருப்பவர். யாரையும் நம்பமாட்டார். வீடு கட்டிய காண்ட்ராக்டர் கம்பியில் மெலிசு போட்டான் என்று கண்டுபிடித்ததிலிருந்து, பால்காரர் முதல் கேபிள்காரர் வரை எல்லோரிடமும் இரண்டு முறை கேட்பார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்த ஜாதிதான். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று வண்டியை விட்டு இறங்கிப் பார்க்கிறவன் நான்.

அவர் வீட்டில் ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி ஒன்று இருந்தது. வாங்கிப் பதினோரு மாதம். ஏப்ரலில் மைதீன் வந்து சர்வீஸ் செய்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் பாய்க்குச் சந்தேகம் தொடங்கியது. வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட் முன்பு இரைந்தது, இப்போது பாதி நேரம் சத்தமே இல்லை. அவருடைய பழைய ஏசி அறை குளிர்ந்ததும் 'டக்' என்று நின்றுவிடும், கட் ஆஃப் ஆகும். இது நிற்கவே மாட்டேன் என்கிறது. கரண்ட் பில் ஏறிவிட்டது. கடைசியாக, ராஜபாளையத்திலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டினார். அவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஏழு ஆம்பியர் இழுக்க வேண்டிய மிஷின் இரண்டுகூட இழுக்கவில்லை, உள்ளே இருப்பது நல்ல கம்ப்ரசர் இல்லை என்று சொல்லிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவும் சேர்ந்ததும் பாய் ஒரு முடிவுக்கு வந்தார். மைதீன் புதுக் கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டு பழையதை வைத்துவிட்டான்.

மைதீன் என் கடையில் ஆறு வருடம் இருந்தவன். பிறகு தனியாகப் போனான். அவன் போன மூன்று மாதத்துக்குள் என் வாடிக்கையாளர்களில் நாற்பது வீடுகள் அவனிடம் போய்விட்டன. என் போனிலிருந்து நம்பர்களை எழுதிக்கொண்டு போயிருப்பான் என்பது என் சந்தேகம். அன்றிலிருந்து அவனிடம் நான் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. கடையை மூடி நான்கு வருடம் ஆன பிறகும் அந்தக் கோபம் குறையவில்லை.

அதனால்தான் பாய் என்னைக் கூப்பிட்டார். வாசலிலேயே சொல்லிவிட்டார்:

"நீங்க மைதீனுக்குப் பரிஞ்சு பேசமாட்டிய. அது ஊருக்கே தெரியும். அதான் ஒங்கள வரச்சொன்னேன் அண்ணாச்சி."

கையில் போனை வைத்திருந்தார். அவர்கள் உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு அதில் இருந்தது. இருநூற்றுப் பதினோரு பேர். பாதிப் பேர் கடையநல்லூர், மீதிப் பேர் இங்கே. எல்லா வீட்டிலும் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். எல்லா வீட்டிலும் ஏசி இருக்கும். மைதீன் சாப்பிடுவதே அந்த வீடுகளை வைத்துத்தான். 'மைதீன் கம்ப்ரசர் திருடன், யாரும் வீட்டுக்குள் விடாதீர்கள்' என்று பாய் தட்டச்சு செய்து, போட்டோவும் சேர்த்து, அனுப்பாமல் வைத்திருந்தார். என்னிடம் காட்டினார். மூன்று எழுத்துப் பிழை இருந்தது, நான் சொல்லவில்லை.

"லுஹர் தொழப் போறதுக்கு முன்ன அனுப்பிருவேன். பன்னெண்டரைக்கு நான் பள்ளிவாசலுக்குக் கெளம்பணும். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

மைதீன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் செருப்பைப் பார்த்தான். பக்கத்து வீட்டு மாடசாமி, பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர், நாற்காலியே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, ஜட்ஜையா வந்தாச்சு. ஏலே மைதீனு, ஜாமீனுக்கு ஆள் சொல்லிட்டியா?"

"சும்மா கெடயும்வே," என்றார் பாய்.

உள்ளே போனேன். திரைச்சீலை இழுத்து மூடிய அறை. பாயின் மனைவி ரகுமத் நன்னாரி சர்பத் கொண்டுவந்து வைத்தார். ரிமோட்டில் இருபத்தாறு. அவுட்டோர் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. காதை வைத்துக் கேட்டால் ஒரு மெல்லிய முனகல், அவ்வளவுதான். பையிலிருந்து கிளாம்ப் மீட்டரை எடுத்து வயரைக் கவ்வவைத்தேன். எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் மீட்டர் அது.

ஒன்று புள்ளி ஒன்பது.

முப்பத்துநான்கு வருடம் நான் பார்த்த மிஷின்களில், ஓடும்போது ஒன்று புள்ளி ஒன்பது காட்டினால் அர்த்தம் இரண்டுதான். கேஸ் இல்லை, அல்லது கம்ப்ரசர் கேஸை அமுக்கவில்லை. பழைய மிஷினுக்கு ஓட்டம் ஒரே வேகம்தான். ஓடினால் முழு வேகம், இல்லையென்றால் நிற்கும். இன்வர்ட்டர் அப்படி இல்லை, அறைக்குத் தேவையான அளவுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், அதனால்தான் அது கட் ஆஃப் ஆவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. பயிற்சி வகுப்புக்கு மதுரைக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டவன். ஆனால் தெரிந்திருப்பது மூளையில். கை முப்பத்துநான்கு வருடம் பழகிய இடத்துக்குத்தான் போகும். மீட்டரைப் பார்த்த மாத்திரத்தில் என் நாக்கு நுனியில் வந்து நின்ற வார்த்தை, "கம்ப்ரசர் போச்சு" என்பதுதான்.

பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்க அண்ணாச்சி. ராஜபாளையத்துக்காரன் சொன்னதுதான?"

மாடசாமி அறை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். மைதீன் உள்ளே வரவில்லை.

வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஏன் மூடினேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல மனது என்று நினைக்காதீர்கள். மைதீன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் பல வருடமாகக் காத்திருந்தேன். அந்தப் பதில் அவ்வளவு சுலபமாகக் கையில் வந்து விழுந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் கேட்காமலே விலை குறைத்தால் நான் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இதுவும் அப்படித்தான் இருந்தது. தூத்துக்குடி ஐஸ் ஃபேக்டரியில் எனக்குத் தொழில் சொன்னவர் ஒருவர் உண்டு. மீட்டர் முள்ளைப் பார்த்ததும் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு டீ குடிப்பார். பிறகுதான் மறுபடி பார்ப்பார். அவர் சொன்ன பலதை நான் நம்பியதில்லை. அவரே கணக்கில் கையாடியவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். டீ விஷயம் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது.

டீ இல்லை. சர்பத்தை எடுத்துக் குடித்தேன். பாதி டம்ளர் இறங்கும்போது கவனித்தேன், என் கழுத்தில் வேர்வை இல்லை. உள்ளே வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பையிலிருந்த வெப்பமானியை எடுத்துக் கட்டிலில் வைத்து, மிச்ச சர்பத்தையும் குடித்துவிட்டுப் பார்த்தேன். இருபத்தாறு.

வெளியே முப்பத்தொன்பது. மொட்டைமாடி வழியாக வெயில் நேராக இறங்கும் வீடு. அமுக்காத கம்ப்ரசர் இந்த அறையை இப்படி வைத்திருக்க முடியாது.

"இதை எப்போம்மா போட்டிய?" என்று ரகுமத்திடம் கேட்டேன்.

"எதை அண்ணாச்சி?"

"ஏசிய."

"பத்து மணிக்கே போட்டாச்சு. நீங்க வாராவன்னு சொன்னாவள்லா."

"நான் வந்தா?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "விருந்தாளு வாராவன்னா ரூமைக் குளுர வச்சிருவோம்லா அண்ணாச்சி. வெயில்ல வந்து வேக்காட்டுல ஒக்காரச் சொல்ல முடியுமா?"

அந்தக் குடும்பங்களில் இது வழக்கம். உங்களுக்கும் நடந்திருக்கும், கவனித்திருக்கமாட்டீர்கள். ஆள் வரும் என்றால் அறையை மூடி, ஒரு மணி நேரம் முன்னாலேயே ஏசியைப் போட்டு வைத்துவிடுவார்கள். சர்பத் கலக்குவது மாதிரி அதுவும் ஒரு மரியாதை.

"ராஜபாளையத்து ஆள் வந்தப்பவும் இப்பிடித்தானா?"

"அவரு போன் பண்ணிட்டுத்தான வந்தாரு. ஒம்போதுக்கே போட்டுட்டேன். பதினொண்ணுக்குத்தான் வந்தாரு."

"மைதீன் ஏப்ரல்ல சர்வீஸுக்கு வந்தப்போ?"

ரகுமத் முகம் கொஞ்சம் சுருங்கியது. "அவன் சொல்லாம கொள்ளாம வந்து நின்னான். ரூமு அடுப்பு மாதிரி இருந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. அதுக்கப்புறந்தான் போட்டேன்."

வராந்தாவிலிருந்து மைதீன் குரல் கேட்டது. அன்று காலை அவன் பேசிய முதல் வார்த்தை: "அன்னைக்கு ஏழு புள்ளி ரெண்டு காட்டுச்சி அண்ணாச்சி. மாமாட்ட சொன்னேன்."

"சொன்னான், சொன்னான்," என்றார் பாய். "அன்னைக்கு ஏழு. இன்னைக்கு ரெண்டு. மிஷினக் கழத்திக் கை வச்சது நீ ஒருத்தன்தான?"

இப்போது எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. சூடான அறையில் மிஷின் முழு வேகத்தில் இரைந்தது. அன்று மைதீன் பார்த்தது ஏழு. அதற்குப் பிறகு சொல்லிவிட்டு வந்த எங்கள் இரண்டு பேருக்கும் அறை ஏற்கெனவே குளிர்ந்திருந்தது. வேலை முடிந்த மிஷின் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. அந்த நடையை அளந்துவிட்டு, இதற்குக் கால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார் ராஜபாளையத்துக்காரர். நானும் சொல்லியிருப்பேன்.

மணி பதினொன்று ஐம்பது.

"ஜன்னலத் திறங்க. கதவத் திறங்க. வெளிய நிக்க எல்லாரும் உள்ள வாங்க," என்றேன்.

"எதுக்கு?" என்றார் பாய்.

"வாங்க, சொல்லுதேன்."

மாடசாமி முதல் ஆளாக வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "ஓசி ஏசின்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்." தெருவில் நின்றவர்களும் வந்தார்கள். பதினான்கு பேர் எண்ணினேன். ரிமோட்டை இருபதுக்கு இறக்கினேன். வயரைக் கவ்வியபடியே, எல்லோருக்கும் தெரியும்படி மீட்டரைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

ஒன்று புள்ளி ஒன்பது. இரண்டு. இரண்டு. இரண்டு புள்ளி ஒன்று.

ஐந்து நிமிடம் போனது. இன்வர்ட்டர் அவசரப்படாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மைதீன் உண்மையிலேயே எடுத்திருந்தால்? வேறொரு பழைய இன்வர்ட்டர் கம்ப்ரசரை வைத்திருந்தால்? சாதாரணக் கம்ப்ரசர் இந்த போர்டில் ஓடவே ஓடாது, அது நிச்சயம். ஆனால் இவன் என் நம்பர்களை எழுதிக்கொண்டு போனவன். வராந்தாவைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்து நின்றான். திருடனும் அப்படி நிற்பான், திருடாதவனும் அப்படி நிற்பான்.

"என்ன அண்ணாச்சி, மிஷினு தூங்கிட்டா?" என்றார் மாடசாமி.

ஏழாவது நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே முனகல் இரைச்சலானது. மூன்று புள்ளி நான்கு. நான்கு புள்ளி எட்டு. ஆறு. ஆறு புள்ளி ஒன்பது. அங்கே நின்றது. அவுட்டோரின் காற்று பக்கத்தில் நின்ற கொய்யா இலைகளை உலுக்கியது.

"கம்ப்ரசர் நல்ல கம்ப்ரசர். அதே கம்ப்ரசர்," என்றேன். "யாரும் எதையும் மாத்தல."

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கேதான் நான் இடறினேன். நீங்களும் அங்கே இடறுவீர்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"அப்ப பில்லு ஏன் ஏறிச்சி?" என்றார் பாய்.

நான் பதில் சொன்னேன். கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு. இன்வர்ட்டர் என்றால் கரண்டே இழுக்காது என்று கடைக்காரன் சொன்னதை நம்பி இரவும் பகலும் ஓட விட்டிருக்கிறீர்கள். மற்ற நாளில் ஹாலுக்கும் சேர்த்துக் குளிரட்டும் என்று கதவைத் திறந்து வைக்கிறீர்கள். ஒன்றரை டன் மிஷின் இரண்டு அறைக்கு மூச்சு வாங்குகிறது. பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று வைக்கிறீர்கள். சீக்கிரம் குளிராது, நிறுத்தாமல்தான் ஓடும். இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் பில் கணக்கே வேறாகிவிடும். விரலை மடக்கி மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். பதினான்கு பேர் முன்னால்.

சொல்லி முடிக்கும்போது பாயின் முகத்தைப் பார்த்தேன். மிஷினை நிரூபித்துவிட்டேன், மனிதரைத் தொலைத்துவிட்டேன் என்று தெரிந்தது.

"அப்ப எல்லாத் தப்பும் எம்மேல," என்றார் மெதுவாக. "மைதீன் நல்லவன். கடைக்காரன் நல்லவன். ராஜபாளையத்துக்காரனுக்குத் தொழில் தெரியாது. எனக்கு ஏசி போடத் தெரியாது. அப்பிடித்தான?"

"அப்பிடிச் சொல்லல பாய்."

"ரிமோட்டுல என்னமோ அமுக்குனிய. சத்தம் வந்துச்சு. எனக்கு என்ன தெரியும்? மெக்கானிக்க மெக்கானிக் விட்டுக்குடுப்பானா? நாந்தான் மடையன், அவனுக்குச் சண்டக்காரன்னு நெனச்சு ஒங்களக் கூப்பிட்டேன்."

போனை எடுத்தார். மணி பன்னிரண்டு இருபத்தொன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மைதீன் முதல் தடவையாக அறைக்குள் வந்தான்.

"மாமா, அல்லாவுக்காக அனுப்பிராதிய. நாளைக்கு எவன் வீட்டுலயும் என்னைய உள்ள விடமாட்டான். வண்டிக்கு டியூ கட்டணும், பிள்ளைக்கு பீஸ் கட்டணும்."

"ஒனக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமால?"

"என்ன செஞ்சா நம்புவிய?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "நம்புதியள்லா, நல்ல மிஷின்னு? அப்ப நீங்களே எடுத்துக்கிடுங்க. பதினெட்டாயிரம் குடுங்க. கழத்திட்டுப் போங்க. எனக்கு இந்தச் சனியனே வேண்டாம்."

மாடசாமி தொடையைத் தட்டினார். "அண்ணாச்சிக்கு அடிச்சது யோகம்! வாங்கிப் போடுங்கவே!"

நான் ஒத்துக்கொள்கிறேன், நாக்கில் எச்சில் ஊறியது. பதினோரு மாத மிஷின், ஓட்டம் பழுதில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருபத்தெட்டாயிரத்துக்கு விற்கலாம். பதினெட்டு என்றால் பத்தாயிரம் லாபம். ஒரு மூச்சு விடும் நேரத்தில் இந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

அடுத்த மூச்சில் மைதீன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பாய் எல்லோரையும் பார்க்கும் பார்வையோடு, நான் பெட்ரோல் பங்கைப் பார்க்கும் பார்வையோடு பார்த்தான். அப்போதுதான் மறுநாள் காலை தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்குக் காதில் கேட்டது. மைதீன் மிஷினுக்குக் கெட்ட பேர் வாங்கிக்கொடுத்தான், கிழவன் வந்து நாடகம் ஆடி அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போனான், இரண்டு பேரும் கூட்டு. பாய் சொல்லாவிட்டாலும் மாடசாமி சொல்வார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். பதினெட்டாயிரத்துக்கு வாங்கினால் மைதீனின் பிழைப்பை நானே முடித்து வைத்த மாதிரி.

வாங்கமாட்டேன் என்றால்? நம்பாத மிஷினைத்தான் நல்லது என்று சொன்னேன் என்று ஆகும். பாய் உடனே அனுப்பிவிடுவார்.

மணி பன்னிரண்டு இருபத்துநான்கு.

"மிஷின் வாங்கின பில்லு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. எதுக்கு?"

"எடுங்க."

ரகுமத் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. நான் இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும்.

"இதே தொகைக்கு நான் எடுத்துக்கிடுதேன்," என்றேன். "ஒரு ரூவா குறைக்காண்டாம்."

பாய் பில்லை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"புது விலைக்கா?" என்றார் பாய்.

"புது விலைக்கு."

"பதினோரு மாசம் ஓடின மிஷின."

"ஆமா."

என் முகத்தையே பார்த்தார். என்ன சூது என்று தேடுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே தங்கம் வைத்திருக்கிறதா என்றுகூட நினைத்திருப்பார். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. சூது இருந்தால்தானே காட்ட முடியும்.

"கெட்டுப்போன கம்ப்ரசருக்கு எவனாவது நாப்பத்தோராயிரம் குடுப்பானா பாய்?" என்றேன். "என்னையப் பத்தி ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்," என்றார். "ஆட்டோக்காரன்ட்ட பத்து ரூவாய்க்கு அரை மணி நேரம் நிப்பிய."

"அந்த ஆளுதான் குடுக்கேன்."

ரகுமத் மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் வந்தது. பாய் போனைக் கீழே இறக்கினார். பிறகு அந்தச் செய்தியை அழித்தார். "அழிச்சிட்டேன்," என்றார். நான் போனை வாங்கிப் பார்த்தேன். உண்மையிலேயே அழித்திருந்தார். எழுதியதை வேறு எங்காவது சேமித்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்டேன். இல்லை என்றார். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"நீங்க என்னைய விட மோசம் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் மைதீனைக் கடந்தபோது நின்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "தொழ வாரியா?" என்றார். மைதீன் பின்னாலேயே போனான்.

தொழுதுவிட்டு வந்து மைதீனே மிஷினைக் கழற்றினான். கழற்றி முடிக்கும் வரை நான் பக்கத்திலேயே நின்றேன். கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கும் அது தெரியும். முதுகைக் காட்டாமல், கை தெரியும்படிதான் வேலை செய்தான். லோடு ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டான்:

"எனக்காகவா அண்ணாச்சி வாங்குனிய?"

"மீட்டர் சரியாத்தான காட்டுச்சி. மிஷினுக்காக வாங்குனேன்."

"நம்ப முடியல," என்றான்.

நம்ப வேண்டாம் என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இன்வர்ட்டர் ஏசியைப் பார்க்கப் போகும்போது, ஏசியைப் போட்டு வைக்காதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள், போட்டு வைத்திருப்பார்கள். கதவைத் திறந்து அறையைச் சூடாக்கி, பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். குளிர்ந்த அறையில் வரும் எண்ணை வைத்து எவன் பிழைப்பிலும் கை வைக்காதீர்கள். ஆம்பியர் குறைவாக இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் கேஸ் ஏற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். வருடா வருடம் கேஸ் ஏற்ற வேண்டும் என்று சொல்லியே வீடு கட்டியவர்களையும் தெரியும். ஓட்டை இல்லாமல் கேஸ் எங்கேயும் போகாது. பில் ஏன் ஏறியது என்று வீட்டுக்காரர் கேட்டால், கூட்டம் கலையட்டும், தனியாகச் சொல்லுங்கள். அன்று நான் ஐந்து நிமிடம் வாயை அடக்கியிருந்தால் மிஷின் வாங்கிய பில்லை எடுக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மிஷின் இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. எனக்கு ஏசிக் காற்று ஆகாது, மூக்கு அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கிறேன். கனி பாய் இதுவரை இரண்டு தடவை போன் செய்தார். மிஷின் எப்படி ஓடுகிறது என்று விசாரிக்கிறார். நன்றாக ஓடுகிறது என்று சொன்னால் அதையே இன்னொரு தடவை கேட்கிறார். மைதீன் அதே வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். கழற்றி மாட்டியதற்கு ஊருக்கெல்லாம் என்ன வாங்குகிறானோ அதையே என்னிடமும் வாங்கினான். குறைத்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

மிஷினுக்கு 41,990. கழற்றி மாட்ட 1,800. புதுச் செம்புக் குழாயும் ஸ்டாண்டும் 2,450. லோடு ஆட்டோ 600. காலையில் போன ஆட்டோ 50. எல்லாம் சேர்த்து நாற்பத்தாறாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.